ஒரே முகம்... இரண்டு வேடம்! பக்கவாதத்தின் ஆள்மாறாட்டத்தை உடைக்கும் மூளை ஸ்கேன்

இரட்டை வேடப் படங்களுக்கும் வடபழனிக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. 1965 பொங்கலுக்கு வெளியான ‘எங்க வீட்டுப் பிள்ளை’யைத் தயாரித்தவர், இங்கிருந்த விஜயா வாஹினி ஸ்டூடியோவின் பி.நாகிரெட்டி. அதில் ஒரே முகத்தோடு இரண்டு எம்.ஜி.ஆர். ஒருவர் சாட்டையைக் கண்டாலே நடுங்கும் பயந்தாங்கொள்ளி. இன்னொருவர் அதே சாட்டையைப் பிடுங்கி விளாசும் துணிச்சல்காரர். வீட்டுக்குள் இருப்பது இவரா, அவரா என்று தெரியாமல் எல்லோரும் திண்டாடுவதுதான் கதை.

அதே நாகிரெட்டி 1972-ல் வடபழனியில் விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். ஸ்டூடியோக்களின் ஊராக இருந்த வடபழனி, இன்று மருத்துவமனைகளுக்கும் பெயர் பெற்ற இடம். விஜயா, சிம்ஸ் என்று பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. ஆற்காடு ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் ஸ்கேன் சென்டர் போர்டுகளைப் பார்க்கலாம். இப்படிப்பட்ட மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் ஒரு நோய்க்கும் இரட்டை வேடம்தான். அது பக்கவாதம்.

வாய் ஒரு பக்கம் கோணுகிறது. கை தூக்க வரவில்லை. பேச்சு குழறுகிறது. “ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு” என்று வீட்டில் பதறுகிறார்கள். ஆனால் தலைக்குள் நடந்திருப்பது நேரெதிரான இரண்டு விஷயங்களில் ஒன்றாக இருக்கலாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டிருக்கலாம். அல்லது ரத்தக்குழாய் வெடித்து, மூளைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

முதல் வகைக்கு, கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். இரண்டாவது வகைக்கு அதே ஊசியைப் போட்டால் கசிவு பெருகி உயிரே போகலாம். வெளியிலிருந்து பார்த்து எது என்று நூறு சதவிகிதம் சொல்ல, எத்தனை அனுபவமுள்ள டாக்டராலும் முடியாது. கசிவென்றால் தலைவலியும் வாந்தியும் கூடுதலாக இருக்கும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு பல முறை தப்பிப்போகும். வேடத்தைக் கலைப்பது மூளை ஸ்கேன் மட்டும்தான்.

காற்றை ஏற்றிப் படம் எடுத்த காலம்

எக்ஸ்-ரே வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், மூளை மட்டும் மருத்துவர்களுக்குக் கண்ணில் படாத உறுப்பாகவே இருந்தது. சாதாரண எக்ஸ்-ரேயில் மண்டை ஓடு தெரியும். உள்ளே இருக்கும் மென்மையான மூளை தெரியாது.

டாக்டர் பி.ராமமூர்த்தி, 1950-ல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவைத் தொடங்கிய முன்னோடி. பின்னாளில் அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையின் நரம்பியல் மையத்தையும் உருவாக்கியவர். அவர் தலைமுறை மருத்துவர்களின் கையிலிருந்த கருவிகளை இன்று நினைத்தாலே மலைப்பாக இருக்கும்.

முதுகுத்தண்டில் ஊசி குத்தி, மூளையைச் சுற்றியிருக்கும் நீரை எடுத்துவிட்டு, அங்கே காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுப்பார்கள். அமெரிக்காவின் வால்டர் டான்டி 1919-ல் செய்துகாட்டிய முறை இது. படம் எடுத்த பிறகு நோயாளிக்கு நாள் கணக்கில் தலைவலி இருக்கும். இன்னொரு முறை, கழுத்து ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தி, அது மூளைக்குள் ஓடும் பாதையைப் படம் எடுப்பது. போர்ச்சுகலின் எகாஸ் மோனிஸ் 1927-ல் கண்டுபிடித்த ஆஞ்சியோகிராம் அது. இரண்டிலும் மூளை நேரடியாகத் தெரியாது. குழாய் எந்தப் பக்கம் விலகியிருக்கிறது, நீரறை எங்கே நசுங்கியிருக்கிறது என்பதை வைத்து உள்ளே நடந்ததை ஊகிக்க வேண்டும்.

இசைத்தட்டு கம்பெனி கொடுத்த கண்

ஊகத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த கண்டுபிடிப்பு, இசைத்தட்டுகளுக்குப் பெயர் போன ஒரு கம்பெனியிலிருந்து வந்தது. குழாய் ஒலிபெருக்கி முன் நாய் உட்கார்ந்திருக்கும் எச்.எம்.வி. இசைத்தட்டு பல வீடுகளில் பரண் மேல் இன்னும் இருக்கும். அந்த லேபிளின் சொந்தக்காரரான இங்கிலாந்தின் இ.எம்.ஐ. கம்பெனியில் வேலை பார்த்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர்.

ஒரு பொருளை ஒரே திசையிலிருந்து எக்ஸ்-ரே எடுப்பதற்குப் பதில், சுற்றிச் சுற்றிப் பல கோணங்களில் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் சேர்த்துக் கணக்குப் போட்டால், உள்ளே இருப்பதை அடுக்கடுக்காகப் பார்க்க முடியும் என்பது அவர் யோசனை. பிரெட் துண்டுகளைப் பிரித்துப் பார்ப்பது போல மூளையை வெட்டாமலே துண்டு துண்டாகப் பார்க்கலாம். இங்கிலாந்தின் சுகாதாரத் துறையும் இதற்குப் பணம் கொடுத்தது.

1971 அக்டோபர் 1-ம் தேதி, லண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில், மூளையில் கட்டி இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்மணிக்கு உலகின் முதல் சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. மூளையின் ஓர் அடுக்கைப் படமெடுக்கவே அன்று சில நிமிடங்கள் ஆயின. இன்றைய மெஷின் தலை முழுவதையும் சில விநாடிகளில் எடுத்துவிடும். இதற்கான கணிதத்தைத் தனியே கண்டறிந்த ஆலன் கோர்மக்குடன் சேர்த்து, ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வெள்ளையாகத் தெரிந்தால் ரத்தம்

சி.டி. ஸ்கேன் படத்தில் இருப்பது கறுப்பு, வெள்ளை, அவற்றுக்கு நடுவே பல சாம்பல் நிறங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் பின்னால் ஓர் எண் இருக்கிறது. அதற்கு ‘ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு’ என்றே பெயர். தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. மூளைத் திசுவுக்குச் சுமார் 30 முதல் 40 வரை. புதிதாகக் கசிந்து உறைந்த ரத்தத்துக்கு அதைவிடக் கூடுதலாக, 50-க்கு மேல். எலும்புக்குப் பல நூறு.

ரத்தம் உறையும்போது அதிலுள்ள ஹீமோகுளோபின் புரதம் நெருக்கமாகிறது. அதனால் எக்ஸ்-ரேயைக் கூடுதலாகத் தடுக்கிறது. அதனால்தான் சாம்பல் நிற மூளைக்கு நடுவே கசிந்த ரத்தம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரிகிறது. மருந்து எதுவும் ஏற்றாத சாதாரண சி.டி.யிலேயே இது தெரிந்துவிடும்.

கசிவு என்று தெரிந்துவிட்டால் சிகிச்சையின் திசையே மாறும். ரத்த அழுத்தத்தைக் கண்காணித்தபடி இறக்க வேண்டும். நோயாளி ‘ரத்தம் உறையாமல் இருக்க’ மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அதன் விளைவை முறிக்கும் மருந்து கொடுக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் கசிவு பெரிதாகலாம் என்பதால், மறுபடியும் ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். சிலருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். தலையில் இடி விழுந்தது போல, வாழ்நாளில் கண்டிராத தலைவலியோடு வருபவர்களுக்கு, ரத்தக்குழாயில் பலூன் போல வீங்கிய இடம் வெடித்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராமும் எடுப்பார்கள்.

‘ஸ்கேன் நார்மல்’ என்றால் வீட்டுக்குப் போகலாமா?

பல குடும்பங்கள் தடுமாறும் இடம் இது. கை விளங்காமல் வந்தவரின் சி.டி.யைப் பார்த்துவிட்டு, “ஸ்கேன்ல ரத்தக்கசிவு எதுவும் இல்லை” என்கிறார் டாக்டர். “அப்பாடா, ஒண்ணும் இல்லையாம்” என்று உறவினர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். சிலர் வீட்டுக்குக் கூட்டிப்போகவும் தயாராகிறார்கள்.

உண்மையில், டாக்டரின் ஓட்டம் அப்போதுதான் ஆரம்பிக்கிறது. அடைப்பால் வரும் பக்கவாதம், முதல் சில மணி நேரத்துக்கு சி.டி.யில் தெளிவாகத் தெரியாமல் போகலாம். ரத்தம் கிடைக்காத மூளைப் பகுதி நிறம் மாறுவதற்கு நேரம் எடுக்கும். ஆகவே அறிகுறி இருந்து, சி.டி.யில் கசிவு இல்லை என்றால், அடைப்பாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று அர்த்தம். கட்டியைக் கரைக்கும் ஊசி போட ஸ்கேனில் தடை இல்லை என்றும் அர்த்தம். அந்த நேரத்தில் கையெழுத்துப் போடத் தயங்கி, “பெரியவன் வரட்டும், கேட்டுச் சொல்றோம்” என்று காத்திருப்பதில் கழியும் நிமிடங்களுக்கு விலை அதிகம்.

எவ்வளவு விலை? மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால், நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன என்று 2006-ல் அமெரிக்க நரம்பியல் நிபுணர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். வடபழனி சிக்னலில் 10 நிமிடம் மாட்டிக்கொண்டால், ஏறக்குறைய 2 கோடி செல்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இன்னும் துல்லியமானது. நீர் மூலக்கூறுகளின் அசைவைப் படம் பிடிக்கும் ‘டிஃப்யூஷன்’ முறையில், அடைப்பு ஏற்பட்ட சில நிமிடங்களிலேயே பாதிப்பு பளிச்சிடத் தொடங்கும். ஆனால் எம்.ஆர்.ஐ.க்குக் கூடுதல் நேரம் வேண்டும். உடலில் பேஸ்மேக்கர், உலோகத் துண்டு போன்றவை இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். நோயாளி அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதனால்தான் பெரும்பாலான மருத்துவமனைகளில் அவசரத்துக்கு முதலில் சி.டி., தேவைப்பட்டால் பிறகு எம்.ஆர்.ஐ. “ரெண்டு ஸ்கேன் எதுக்கு? பணம் பிடுங்கவா?” என்று கோபப்படுவதற்கு முன், இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கதிர்வீச்சு பயம் சிலருக்கு உண்டு. ஒரு மூளை சி.டி.யில் கிடைக்கும் கதிர்வீச்சு, இயற்கையாகவே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் நமக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் அளவை ஒட்டியது. பக்கவாத நேரத்தில் அதற்காக ஸ்கேனைத் தள்ளிப்போடுவது சரியல்ல.

1984-ல் இல்லாத சிகிச்சை

இரட்டை வேடத்தில் கலக்கிய எம்.ஜி.ஆரையே பக்கவாதம் விட்டுவைக்கவில்லை. முதலமைச்சராக இருந்த அவர், 1984 அக்டோபரில் சென்னை அப்போலோ மருத்துவமனையில் சிறுநீரகக் கோளாறுக்காகச் சேர்க்கப்பட்டார். அங்கே சிகிச்சையில் இருந்தபோது பக்கவாதமும் வந்தது. நவம்பரில் அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 1985 பிப்ரவரியில் சென்னை திரும்பினார். கோடிக்கணக்கானவர்களைக் கட்டிப்போட்ட அந்தப் பேச்சு, 1987-ல் மறையும் வரை பழையபடி திரும்பவே இல்லை.

அப்போது உலகின் எந்த மூலையிலும், அடைப்பால் வரும் பக்கவாதத்தை உடனே முறிக்கும் நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. முதல்வருக்கும் இல்லை, சாமானியருக்கும் இல்லை. கட்டியைக் கரைக்கும் ‘டி.பி.ஏ.’ ஊசியை 3 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு என்று 1995-ல்தான் நிரூபிக்கப்பட்டது. 2008-ல் அந்தக் கெடு நாலரை மணி நேரமாக நீட்டிக்கப்பட்டது. 2015-ல் அடுத்த பாய்ச்சல். தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, பெரிய கட்டியையே பிடித்து இழுத்து எடுக்கும் ‘த்ராம்பெக்டமி’ பலன் தருவதை, அடுத்தடுத்து வந்த ஆய்வுகள் உறுதி செய்தன. அந்தக் கட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுவது சி.டி. ஆஞ்சியோகிராம்.

இறந்த பகுதி, உயிரோடு போராடும் பகுதி

தெருவின் மெயின் பைப் அடைத்துக்கொண்டால், பக்கத்துச் சந்து பைப் வழியாகச் சில வீடுகளுக்கு மட்டும் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வருமே, மூளையிலும் அப்படித்தான். அடைப்புக்கு நேர் எதிரே இருக்கும் பகுதி சீக்கிரமே இறந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி, பக்கவாட்டுக் குழாய்களில் வரும் கொஞ்சநஞ்ச ரத்தத்தில் தாக்குப்பிடிக்கிறது. வேலை செய்யாது. ஆனால் இறக்கவும் இல்லை.

ரத்தம் எவ்வளவு வேகமாகப் பாய்கிறது என்று அளக்கும் ‘பெர்ஃப்யூஷன்’ ஸ்கேன், இந்த இரண்டு பகுதிகளையும் தனித்தனியே காட்டுகிறது. காப்பாற்றக்கூடிய பகுதி நிறைய மிச்சமிருக்கும் நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தால், சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட கட்டியை எடுத்துப் பலன் பெறலாம் என்று ‘டான்’ என்ற ஆய்வு காட்டியது. 2018-ல் அது வெளியான பிறகு சிகிச்சை விதிகளே மாறின. இரவு நன்றாகப் படுத்து, காலையில் கை விளங்காமல் எழுந்தவர்களுக்கு முன்பு “எப்போது வந்தது என்று தெரியாதே” என்று கைவிரித்த நிலை மாறியதும் இப்படித்தான். ஆனாலும் 24 மணி நேரம் என்பது ஸ்கேன் பார்த்துச் சிலருக்கு மட்டும் கிடைக்கும் சலுகை. எல்லோருக்குமான அவகாசம் அல்ல.

பி.பி. மாத்திரையை நாக்கடியில் வைக்கலாமா?

பக்கவாதம் என்றதும் பல வீடுகளில் பி.பி. மெஷினைத் தேடுவார்கள். 200-ஐத் தாண்டியிருந்தால், பதற்றத்தில் ஒரு மாத்திரையை நாக்கடியில் வைப்பார்கள். இன்னும் சிலர், மாரடைப்புக்குக் கொடுப்பது போல ஆஸ்பிரின் கொடுப்பார்கள்.

இது சரியா, தவறா என்பதற்குச் சீனாவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு தெளிவான பதில் வைத்திருக்கிறது. ‘இன்டராக்ட்-4’ என்ற அந்த ஆய்வில், பக்கவாதம் என்று சந்தேகிக்கப்பட்ட 2,400-க்கும் மேற்பட்ட நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதியினருக்கு ஸ்கேன் எடுக்கும் முன்பே ஆம்புலன்ஸிலேயே ரத்த அழுத்தம் குறைக்கப்பட்டது. 2024-ல் முடிவு வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் பலனும் இல்லை, கெடுதலும் இல்லை. ஆனால் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது. ரத்தக்கசிவு இருந்தவர்களுக்கு அது நன்மை செய்திருந்தது. அடைப்பு இருந்தவர்களுக்குக் கெடுதல் செய்திருந்தது.

காரணம் எளிது. அடைப்பு இருக்கும்போது, பக்கவாட்டுக் குழாய்களில் ரத்தத்தைத் தள்ளுவதே அந்த உயர்ந்த அழுத்தம்தான். அதைத் திடீரென்று இறக்கினால், போராடிக்கொண்டிருக்கும் பகுதியும் இறந்துவிடும். ஆஸ்பிரினுக்கு இதே நியாயம் தலைகீழ். அடைப்புக்கு உதவும் அது, கசிவில் ரத்தத்தை இன்னும் ஓடவிடும். எந்த வகை என்று ஸ்கேன் சொல்லும் வரை, மருந்து எதுவும் வீட்டில் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

ஸ்கேனே வீட்டு வாசலுக்கு வந்தால்?

ஆம்புலன்ஸுக்குள்ளேயே சி.டி. மெஷினைப் பொருத்திவிட்டால் என்ன? ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரில் நரம்பியல் நிபுணர் கிளாஸ் ஃபாஸ்பெண்டரின் குழு இதைச் செய்துகாட்டியது. இந்தியாவில், சாலை வசதி குறைந்த அசாமில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் இதே முயற்சியில் இறங்கியது.

ஸ்கேன் படத்தைப் படிக்க ரேடியாலஜிஸ்ட் எல்லா நேரமும் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இதற்கும் ஒரு வழி தேடப்படுகிறது. மும்பையின் க்யூர் டாட் ஏ.ஐ. நிறுவனத்தார், இந்தியாவில் எடுக்கப்பட்ட 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தலை சி.டி. ஸ்கேன்களைக் கொண்டு, ரத்தக்கசிவைக் கண்டறிய செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுத்து, 2018-ல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். டாக்டருக்குப் பதிலாக அல்ல, “இந்த ஸ்கேனை முதலில் பாருங்கள்” என்று வரிசையில் முன்னே தள்ளிவிட இது உதவும்.

வடபழனிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2022-ல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் வேறு வகையான படம் எடுக்கிறது. இறந்தவர்களின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி, செல் அளவில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் முழு மூளையாகச் சேர்க்கிறார்கள். கருவிலிருக்கும் சிசுவின் மூளையை இப்படி 5,132 சீவல்களில் பதிவு செய்து, ‘தாரணி’ என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார்கள். இது நோயாளிக்கு எடுக்கும் ஸ்கேன் அல்ல. மூளையின் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்பதற்கான வரைபடம்.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

* கவனியுங்கள்: சிரிக்கச் சொன்னால் வாய் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று தானாக இறங்குகிறதா? ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் குழறுகிறதா? திடீர்த் தள்ளாட்டம், திடீரென்று பார்வை மறைவது, காரணமில்லாத கடும் தலைவலி ஆகியவையும் அறிகுறிகள்தான். ஒன்று இருந்தாலும் போதும். சில நிமிடங்களில் தானாகச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* நேரத்தைக் குறியுங்கள்: கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. தூங்கி எழுந்தபோது தெரிந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள்.

* 108-ஐ அழையுங்கள்: பக்கவாதமாக இருக்கலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். தமிழக அரசின் விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டத்தில் பக்கவாதமும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

* நேராக சி.டி. உள்ள இடத்துக்குப் போங்கள்: தெருமுனை கிளினிக்கில் டிரிப்ஸ் ஏற்றுவதற்குள் நேரம் ஓடிவிடும். 24 மணி நேரமும் சி.டி. ஸ்கேனும், ஊசி போடும் வசதியும் உள்ள மருத்துவமனையே சரி. தனி ஸ்கேன் சென்டருக்கு நோயாளியைக் கூட்டிப்போவதும் கால விரயம்தான்.

* வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்: தண்ணீர், காபி, சோடா எதுவும் வேண்டாம். விழுங்கும் திறன் பாதிக்கப்பட்டிருந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எண்ணெய் தேய்ப்பது, விரல் நுனியில் ஊசியால் குத்துவது எல்லாம் நேரத்தைத்தான் தின்னும்.

* மாத்திரைச் சீட்டை எடுத்துச் செல்லுங்கள்: சர்க்கரை, பி.பி., முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளின் விவரம் டாக்டருக்குத் தேவை. சர்க்கரை மிகவும் குறைந்தாலும் பக்கவாதம் போலவே தெரியும் என்பதால் அதையும் பரிசோதிப்பார்கள்.

வடபழனியில் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஸ்கேன் இருக்கலாம். எந்த ஊராக இருந்தாலும், இரவு இரண்டு மணிக்கும் சி.டி. எடுக்கிற, பக்கவாத ஊசி போடுகிற மருத்துவமனை அருகில் எது என்பதைத் தேவை வந்த பிறகு தேடக் கூடாது. இன்றைக்கே ஒரு போன் போட்டுக் கேட்டு, அந்த எண்ணை வீட்டில் எல்லோருடைய போனிலும் பதிந்துவைத்துவிடலாம். தாத்தா, பாட்டி போனில் முதல் ஆளாக!